கேட்டால் வள்ளியம்மா என்று சொல்

என் அண்ணன் பக்கிரிசாமிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கங்காணியிடம் பொய், துரையிடம் பொய், கள்ளுக்கடையிலிருந்து திரும்பி வந்து அண்ணியிடம் பெரிய பொய். ஒருமுறை காட்டுப்பன்றி முட்டிவிட்டது என்று சொல்லி ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தார். அந்தப் பன்றியை யாரும் பார்க்கவில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷர் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை உண்மையை, அதுவும் ஒன்றுவிடாமல், என் மகள் ரமணியின் டேப் ரெக்கார்டரில் சொல்லி வைத்திருந்தார்.

நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். அது ஓய்ந்ததும் கூடத்திலிருந்து அண்ணன் குரல் கேட்டது. பந்திங் தோட்டத்தில் இருக்கிற மனுஷர் சொல்லாமல் கொள்ளாமல் எப்போது வந்தார் என்று எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை. ரமணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேசட்டை ஓடவிட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக் கன்னி பேரு வள்ளியம்மா," என்றது அந்தப் பெட்டி. "அப்பா பேரு கன்னையா. ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தின வருசம் பொறந்துச்சு. அவன் இருக்கறப்பவே காய்ச்சல்ல போயிருச்சு. ஆத்தோரம் அப்பா கூட நாந்தான் போயி குழி வெட்டினேன். பேர நல்லாப் பதிஞ்சிக்க தாயி, தப்பா கிப்பா போட்டுறாத."

மீன் என் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது.

என் பெயர் வள்ளியம்மா. என் அப்பா பெயர் கன்னையா. என் நீல ஐசியில், அதாவது அடையாள அட்டையில், போட்டிருக்கும் பிறந்த வருஷம், ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருஷம். விளங்குகிறதா? ஐசியின்படி பார்த்தால் ஆற்றோரம் குழிக்குள் கிடப்பவள் நான்தான்.

உண்மையில் நான் சீதாலெட்சுமி. வள்ளியம்மா என் அக்கா. அவள் செத்த மறு வருஷம் நான் பிறந்தேன். துரைமார் ஓடிப்போய், தோட்டத்து ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்த காலம் அது. அக்கா செத்ததை எழுதிக்கொள்ள ஆள் இல்லை. நான் பிறந்ததை எழுதிக்கொள்ளவும் ஆள் இல்லை. அக்கா பிறந்ததற்கு மட்டும் சூரா இருந்தது, அதாவது அரசாங்கம் கொடுத்த பிறப்புக் காகிதம். அதை அப்பா தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ஆக, அரசாங்கத்துக்குத் தெரிந்து கன்னையாவுக்கு ஒரே மகள், அவள் பெயர் வள்ளியம்மா, அவள் உயிரோடு இருக்கிறாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது ஐசி எடுக்க அப்பா என்னை டவுனுக்கு நடத்திக் கூட்டிப் போனார். செம்மண் ரோடு முழுக்கப் பாடம் நடந்தது. "பேர் என்ன?" என்பார். "சீதா" என்பேன். பளாரென்று ஒன்று விழும். "யாராச்சும் வந்து கேட்டா?" என்று அழுவேன். "கேட்டா வள்ளியம்மான்னு சொல்லு. எந்த ஆபீசரு கேட்டாலும், எப்பக் கேட்டாலும், வள்ளியம்மா." மறுபடி கேட்பார். டவுன் வருவதற்குள் என் கன்னம் வீங்கிவிட்டது. நாக்கும் பழகிவிட்டது. ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த கிராணி காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "பதினாறு வயசுப் பொண்ணாய்யா இது?" என்றார். "ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக் கிழங்கு தின்னு வளந்த ஒடம்புங்க ஐயா, வளத்தி இல்ல," என்றார் அப்பா. கிராணி சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். அன்று எனக்கு நாலு வயது கூடியது.

அப்பா எதற்கு அடித்தார் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. குடியுரிமைக்கு அடையாளமான நீல ஐசி இல்லாதவர்களுக்கு, சிவப்பு ஐசிக்காரர்களுக்கு, தோட்டத்தில் வேலை இல்லை என்று ஒரு காலம் வந்தது. எங்கள் லைனில் அடுத்த வீட்டு அஞ்சலை என்னோடு ஒரே வாய்க்காலில் குளித்தவள். அவள் வீட்டில் ஒருத்தரிடமும் சூரா இல்லை. எல்லோருக்கும் சிவப்பு. மூட்டை முடிச்சோடு அவர்களைக் கப்பலேற்ற நானும் போர்ட் கிள்ளானுக்குப் போயிருந்தேன். அஞ்சலை அழவில்லை. "அங்க எனக்கு யாருடி இருக்கா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் இந்தியாவைப் பார்த்ததே கிடையாது. அன்றிலிருந்து என் ஐசியை நான் ரவிக்கைக்குள்தான் வைத்துக்கொள்கிறேன்.

அந்த ஐசியை வைத்துத்தான் அரசாங்கக் கிளினிக்கில் வேலை கிடைத்தது. கூட்டிப் பெருக்குவது, ஊசி போட வருகிற குழந்தைகளைத் திமிராமல் பிடித்துக்கொள்வது. அதை வைத்துத்தான் ரமணி அப்பா லோரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்த பிறகும் நான் இவளை யுனிவர்சிட்டி வரைக்கும் கொண்டுவந்தேன். அது போனால் வேலை போகும், வீடு போகும், இவள் படிப்பு போகும். அதற்கப்புறம் என்னை எந்தக் கப்பலில் ஏற்றுவார்களோ, எனக்குத் தெரியாது.

"ம்மா!" என்று ரமணி கத்தினாள். "செத்துப்போன உங்க அக்கா பேரையே உனக்கும் வச்சாங்களா? சொல்லவே இல்ல பாரேன்!"

எங்கள் ஜனங்களிடம் அந்த வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் பிள்ளை வீட்டுக்குக் கன்னி ஆகிவிடுவாள். ஆடி வெள்ளியில் அவளுக்குப் புதுப் பாவாடை, வளையல், ரிப்பன், பொரி, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அடுத்துப் பிறக்கிற பெண்ணுக்கு அவள் பெயரை வைப்பதும் நடக்கிறதுதான். நான், "ஆமா," என்றேன்.

"அதனாலதான் மாமா உன்ன சீதான்னு கூப்பிடுறாரா?"

"கன்னி பேரச் சொல்லி வையக் கூடாதுல்ல. அதுக்கு ஒரு கூப்பிடுற பேரு."

நம்பிவிட்டாள். நானும் மூச்சு விட்டேன். ஆனால் அவள் அதோடு நிறுத்தினாளா? இல்லையே. என் வயிற்றில் பிறந்ததாயிற்றே.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான். கடைசி வருஷ மாணவர்கள் ஆளுக்கொரு தோட்டமாகப் போய், ஒவ்வொரு வீட்டுக் கன்னியின் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த வருஷம், செத்த வருஷம், என்ன நோவு என்று கேட்டுப் பதிந்துகொண்டு வர வேண்டும். அதையெல்லாம் யுனிவர்சிட்டி கம்ப்யூட்டரில் ஏற்றினால், எந்த வருஷம் எந்தத் தோட்டத்தில் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள் என்று அது நொடியில் பிரித்துக் காட்டுமாம். "செத்த புள்ளைங்களுக்கு யாரும் கணக்கு வைக்கலம்மா. நம்ம வீடுங்கதான் படையல் போட்டு வச்சிருக்கு," என்று சொல்லும்போது அவள் முகம் ஜொலித்தது. நல்ல காரியம்தான். யார் இல்லையென்றார்கள்? வேறு யார் வீட்டுக் கன்னியாக இருந்தாலும் நானே கூடப் போய் விசாரித்துக் கொடுத்திருப்பேன்.

"பழைய தோட்டத்துப் பொறப்புப் பதிவெல்லாம் ரிஜிஸ்ட்ரேசன் ஆபீஸ்ல எங்க சாருக்கு நகல் குடுத்திருக்காங்க. அதையும் ஏத்திட்டோம்னா கம்ப்யூட்டர் ரெண்டையும் பொருத்திப் பாத்துச் சொல்லிரும்," என்றாள். "இரு, நீ பொறந்த பதிவையும் தேடி எடுத்துக் காட்டுறேன்."

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்? போயி உருப்படியா ஏதாவது படி!"

"இதுதாம்மா படிப்பு."

"செத்தவ பேரப் பெட்டிக்குள்ள போட்டு ஆட்டி வைக்கிறது படிப்பா? கன்னி கோவிச்சிக்குவா. வெளையாடாத."

"மாமா அப்படிச் சொல்லலியே. சந்தோசமாத்தான் சொன்னாரு," என்றாள் அந்தப் பிடிவாதக்காரி.

உண்மையைச் சொல்லிவிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ரமணியை உங்களுக்குத் தெரியாது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் கூட்டிப்போக, இவளுக்கு இன்னும் ஆறு வயது ஆகவில்லை என்று கண்டக்டரிடம் சொன்னேன். "பொய்! எனக்கு எட்டு வயசு!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். மானமே போயிற்று. இன்றைக்கும் அப்படித்தான். பொய் சொல்ல வேண்டியிருந்தால் காது சிவந்து, கண் தரையைப் பார்த்து, கேட்காத ஆளுக்குக்கூடத் தெரிந்துவிடும். உபகாரச் சம்பள ஃபாரத்தில் என் பெயரையும் பிறந்த வருஷத்தையும் அவளேதான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மை. அவளிடம் நான் வாயைத் திறந்த நிமிஷத்தில் அவளும் பொய்க்காரி ஆகிவிடுவாள். அதுவும் மாட்டிக்கொள்கிற பொய்க்காரி.

மறுநாளே பஸ் பிடித்துக் கிள்ளான் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் பந்திங் போனேன். அண்ணன் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதாண்ணே உங்களுக்கு? ஊரு பூரா பொய் சொல்றீங்களே, எம் மக கிட்ட ஒரு பொய் சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"என்னா லா சொல்றே நீ? என்னா ஆச்சு?"

"கன்னி பேரு! கன்னி பேரச் சொன்னீங்களா இல்லியா?"

அவர் குழாயை மூடிவிட்டு என்னைக் கோபமாகப் பார்த்தார். "கன்னி பேர மாத்திச் சொல்லச் சொல்றியா? பொம்பள நீ, விளக்கேத்துறவ, இப்படிப் பேசலாமா? வேற பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவ வருவாளா? படையல எவளுக்குப் போடுறது? எத்தன பொய் சொன்னாலும் அவ முன்னாடி நான் சொல்ல மாட்டேன். அந்தப் புள்ள கேட்டது கன்னியப் பத்தி. ஒன்னப் பத்தி ஒரு வார்த்த கேக்கல."

"ரெண்டும் ஒண்ணுதானண்ணே! அவ பேருலதான் நான் ஒக்காந்திருக்கேன்!"

கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் அப்படியே நின்றார். சத்தியமாக அதுவரைக்கும் அவருக்கு அது தோன்றவே இல்லை. கன்னி அவருக்குச் சாமி. ஐசி அரசாங்க விவகாரம். ரெண்டும் வேறு வேறு அலமாரியில் இருந்தன. ஒரே பெயர் என்பதை அவர் மறந்தே போயிருந்தார். மெதுவாகப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"போலீஸ் வருமா, சீதா?" என்று கேட்டார். அண்ணன் பயந்து நான் பார்த்ததே இல்லை. அண்ணி போட்டுக் கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிளினிக் வாசலில் அரசாங்க வேன் ஏதாவது வந்து நின்றால் கை தானாக ரவிக்கைக்குப் போகும். கூட வேலை செய்யும் நேசம்மா, "வள்ளி அக்கா, இந்த வயசுல ஒரு நரை இல்லியே, என்னா எண்ணெய் தேய்க்கிறீங்க?" என்று எப்போதும்போலக் கேலி செய்தாள். முன்பெல்லாம் சிரிப்பேன். அன்று, "என் வயசுல ஒனக்கென்னடி கண்ணு?" என்று சீறிவிட்டேன். பாவம், அழுதேவிட்டாள்.

ரமணி வீட்டுக்கு வரும் ஒவ்வொரு சாயங்காலமும் படியில் அவள் காலணிச் சத்தத்தைக் கேட்டே அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். துள்ளி ஏறினால் ஏதோ கிடைத்துவிட்டது. இழுத்து இழுத்து ஏறினால் கிடைக்கவில்லை. ஒருநாள் துள்ளி ஏறினாள்.

"கன்னியோட பொறப்புப் பதிவு கெடைச்சிருச்சும்மா! வள்ளியம்மா, கன்னையா மகள், அதே தோட்டம், அதே வருசம். கம்ப்யூட்டர் அப்படியே பொருத்திக் காட்டுச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்திருச்சு."

"சரி."

"ஆனா உன்னோடது இல்ல. ரெண்டாவது வள்ளியம்மா எங்கேயும் வரல. நீ எந்த வருசம்மா? ஃபாரத்துல நான் எழுதினது..." என்று நெற்றியைச் சுருக்கினாள்.

"சோறு ஆறுது. வந்து சாப்பிடு."

"இல்லம்மா, அந்த வருசமும்..."

"சாப்பிட வர்றியா, சட்டியத் தூக்கிக் கொட்டவா?" என்று நான் போட்ட கத்தலில் மாடி வீட்டு நாய் குரைத்தது. அவள் சாப்பிட வந்தாள். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் அந்த நாள் வந்தது. மாணவர்கள் செய்ததை யுனிவர்சிட்டியில் எல்லோருக்கும் காட்டப் போகிறார்களாம். நான் வர மாட்டேன் என்றுதான் இருந்தேன். "ரிஜிஸ்ட்ரேசன் ஆபீஸ் ஆபீசரு ஒருத்தரு திறந்து வைக்க வராரும்மா," என்று அவள் சொன்னதும், வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தெரிந்துவிட்டது. இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டேன். கட்டும்போது கொசுவம் நாலு முறை அவிழ்ந்தது.

ஒரு நீளமான அறை, ஏசி குளிர். சுவர் முழுக்கப் படையல் படங்கள். எங்கள் வீட்டுக் கன்னியின் சின்னச் சிவப்புப் பாவாடையும் ஒரு படத்தில் இருந்தது. அண்ணன் எடுத்துக் காட்டியிருக்கிறார், வேறு யார்? நடு மேசையில் கம்ப்யூட்டர், கறுப்புக் கண்ணாடியில் பச்சை எழுத்து. ரமணியின் விரிவுரையாளர் சிவகுருநாதன் சார் என்னிடம் வந்து கைகூப்பினார். "உங்கட மகள் சரியான கெட்டிக்காரி. இந்தப் பொருத்திப் பாக்கிற யோசனையே அவவின்ரதான்," என்றார். எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் மயக்கம்.

பிறகு அவர் பேசினார், நன்றி சொன்னார், எல்லாவற்றையும் ஏற்றிய ஒரு டிஸ்கெட்டை ஆபீசரிடம் கொடுத்தார். ஆபீசர் மலாய்க்காரர், நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். அதைச் சட்டைப் பையில் போட்டு, பட்டனும் போட்டுக்கொண்டார். என் அக்கா செத்த கதை அந்தப் பைக்குள் இருந்தது. என் கண் அந்தப் பட்டனை விட்டு நகரவில்லை.

ஆபீசர் கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். ரமணிதான் நாற்காலியில் இருந்தாள். யார் பெயரை அடித்தாலும் காட்டுமா என்று மலாயில் கேட்டார். காட்டும் என்றாள் அவள். அவர் சுற்றிப் பார்த்தார். சேலை கட்டி முன்னால் நின்ற ஒரே பொம்பளை நான்தான். என்னைப் பார்த்துச் சிரித்து, மரியாதையாக, மலாயிலேயே என் பெயர் என்ன என்று கேட்டார்.

எந்த ஆபீசர் கேட்டாலும், எப்போது கேட்டாலும்.

என் நாக்கு அதன் பாட்டுக்கு மேலே எழும்பியது. அத்தனை வருஷப் பழக்கம். வள்ளியம்மா என்று சொன்னால் போதும், ரமணி அடிப்பாள். கன்னையா மகள், இன்ன வருஷம் பிறந்தாள், இன்ன வருஷம் செத்தாள் என்று பச்சை எழுத்தில் வரும். செத்தவள் ஐசியோடு எதிரில் நிற்பாள். என் காதில் இரைச்சல் கேட்டது.

"சீதாலெட்சுமி," என்றேன்.

ஒரு ஆபீசரிடம் என் சொந்தப் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அடி விழப்போகிறது என்று கன்னம் தானாகச் சுருங்கியது.

ரமணியின் விரல் எழுத்துகளின் மேல் அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். "இல்லம்மா, உன் பேரு வள்ளியம்மா" என்று இப்போது சொல்லிவிடுவாள், சொல்லாமல் இருக்க அவளால் முடியாது என்று எனக்குத் தெரியும். அவள் உதடு பிரிவதையும் பார்த்தேன். முருகா, வேண்டாம், வேண்டாம் என்று மனசுக்குள் அலறினேன். அவள் கண் என் முகத்திலிருந்து கண்ணாடிக்குப் போய், மறுபடி என் முகத்துக்கு வந்தது. அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்தது. காது சிவக்கவில்லை, வெளுத்துப் போயிற்று.

பிறகு திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, என் பெயரை அடித்தாள்.

அப்படி யாரும் இல்லை என்று காட்டியது.

ஆபீசர் வாய்விட்டுச் சிரித்தார். இதில் பெயர் இல்லாவிட்டால் நல்லதுதான், அம்மா உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம் என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். பிறந்தவர்களில் தேடினாலும் நான் இல்லை, செத்தவர்களில் தேடினாலும் நான் இல்லை என்று அவருக்கு என்ன தெரியும்? சிவகுருநாதன் சார் அவரைத் தேத்தண்ணிக்கும் கரிப்பாப் பலகாரத்துக்கும் அழைத்துக்கொண்டு போனார். சட்டைப் பையும் அவரோடு போயிற்று.

ரமணியும் நானும் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தோம். அங்கே வேறு யாரும் இல்லை. வெயில் பொசுக்கியது.

"சீதான்னா... கூப்பிடுற பேரு இல்லியா?"

"இல்ல."

"அப்ப வள்ளியம்மா?"

"மாமாதான் சொன்னாரே. ஆத்தோரம் இருக்கா."

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நாந்தாம்மா அடிச்சேன். பொருத்திப் பாக்கலாம்னு நாந்தான் சொன்னேன். ஃபாரத்துல நாந்தான் கையெழுத்துப் போட்டேன். ஐயோ, என்னம்மா செஞ்சிட்டேன் நான்! திங்கக்கிழமை மொத வேலையா அழிச்சிடுறேன். ஒரே ஒரு பட்டன்தான்."

"அந்த மனுசன் பையில இருக்கறத யாரு அழிப்பா?"

அவள் அழ ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யாராச்சும் வந்து கேட்டா?" என்றாள்.

செம்மண் ரோட்டில் நான் அப்பாவிடம் கேட்ட அதே கேள்வி. எனக்கு அவள் தலையைத் தடவ வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் என் கை அவள் தாடையைப் பிடித்தது.

"கேட்டா, எங்கம்மா பேரு வள்ளியம்மா, செத்துப்போன அக்கா பேரையே வச்சாங்கன்னு சொல்லு. வருசம் கேட்டா கிராணி தப்பா எழுதிட்டாருன்னு சொல்லு. எங்க, சொல்லு."

"அம்மா..."

"சொல்லுடி."

சொன்னாள். குழறியது, கண் தரைக்குப் போனது. "என் மூஞ்சப் பாத்துச் சொல்லு," என்றேன். மறுபடி சொன்னாள். நான் அடிக்கவில்லை, சத்தியமாக அடிக்கவில்லை. ஆனால் பிடித்த தாடையை விடவும் இல்லை. மறுபடி, மறுபடி. பஸ் திரும்பும் சத்தம் கேட்டபோது என் கண்ணைப் பார்த்து, தங்கு தடையில்லாமல் ஒப்பித்தாள். எனக்கு ஒரு ரோடு முழுக்கத் தேவைப்பட்டது. படித்த பிள்ளை, சட்டென்று பிடித்துக்கொண்டது. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதேன்.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் தமிழ்ப் பையன். "என்னா ஆன்டி, ஏன் அழுவுறீங்க? ஏதாச்சும் பிரச்சனையா?" என்று குனிந்து கேட்டான்.

"ஒண்ணும் இல்லண்ணே, அம்மாவுக்குத் தலவலி," என்று ரமணி அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள். அவள் காது சிவக்கவே இல்லை.